சங்கு ஊதாத ஆலைகள்: மிகை உழைப்பும் எட்டு மணி நேரமும்

தமிழர் வாழ்வில் சங்கு நெடுங்காலம் இரண்டு வேளைகளில் ஊதப்பட்டது. ஒன்று மங்கலம், மற்றொன்று மரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு மூன்றாவதாக ஒரு பொருளும் வந்து சேர்ந்தது. பஞ்சாலைகள் எழுந்த ஊர்களில் நீராவியால் ஒலித்த ஊதியை மக்கள் 'சங்கு' என்றே அழைத்தனர். முதற்சங்கு எழுப்பியது, இரண்டாம் சங்கு வாயிலுக்குள் சேர்த்தது, மாலைச் சங்கு வெளியே விட்டது. ஆலையில் வேலை செய்யாதவர்களும் அதைக் கேட்டே உலை வைத்தனர். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கெல்லாம் ஆலையே கடிகாரமாயிற்று.

இன்று அந்தச் சங்குகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன. ஆனால் அந்தச் சங்கு செய்துவந்த வேலைகளில் ஒன்றை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அது தொடங்குவதற்கு மட்டுமன்று, நிறுத்துவதற்கும் ஊதியது. நம் காலத்து வேலைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. இரவு உணவின் நடுவிலும், மருத்துவமனை வரிசையிலும், உறவினர் வீட்டுத் திருமணப் பந்தலிலும் கைப்பேசியில் அலுவலகம் வந்து நிற்கிறது. இதைச் சிலர் ஊக்கம் என்கின்றனர், சிலர் விதி என்கின்றனர். ஓயாமல் உழைக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, முன்பு இதை உடைத்தவர்கள் எவ்வாறு உடைத்தார்கள் என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொழுதும் மணியும்

பழந்தமிழ் இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதுகளாகவும் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும் பகுத்தது. உழைப்பும் அந்தப் பகுப்பையே தழுவி நின்றது. நடவிலும் அறுவடையிலும் முதுகு ஒடிய வேலை. இடைப்பட்ட மாதங்களில் தளர்ச்சி. நெசவாளியும் குயவரும் கொல்லரும் கையில் எடுத்த பொருள் முடியும்வரை உழைத்தனர், முடிந்தபின் அமர்ந்தனர். இதைப் பொற்காலம் என்று வருணிப்பது பிழையாகும். பண்ணையடிமைக்கு ஓய்வு என்பது ஆண்டையின் வாய்ச்சொல்லில் இருந்தது. நோயுற்ற நாளிலும் அவன் ஏர் பிடித்தாக வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் உழைப்பை அளந்தது வேலை, மணி அன்று.

இங்கிலாந்திலும் இதே நிலைதான் இருந்தது. அங்கே கைவினைஞரிடையே 'புனிதத் திங்கள்' என்றொரு வழக்கம் நிலவியது. ஞாயிறு விடுமுறையின் தொடர்ச்சியாகத் திங்கட்கிழமையையும் அவர்களே விடுமுறையாக்கிக்கொண்டு, வாரக் கடைசியில் விரைந்து வேலையை முடிப்பார்கள். இலண்டன் அச்சகம் ஒன்றில் இளமையில் பணிபுரிந்த பெஞ்சமின் பிராங்க்ளின், தாம் புனிதத் திங்கள் கொண்டாடாததால் முதலாளியின் நன்மதிப்பைப் பெற்றதாகத் தம் தன்வரலாற்றில் பெருமையோடு குறிப்பிடுகிறார். வரப்போகும் உலகத்தின் மனிதர் அவர்.

ஆலைகள் வந்தபின் நிலைமை மாறியது. வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். பல தலைமுறைகளாகத் தண்டத்தொகை, மணியோசை, கண்காணிப்பு, பள்ளிப்பாடம், சமய உபதேசம் ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் மனிதனைக் கடிகாரத்துக்குப் பழக்கின என்று அவர் காட்டுகிறார். சில ஆலைகளில் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் வைத்திருக்கின்றனர். தொழிலாளி சொந்தமாகக் கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளவும் அஞ்சிய காலம் அது. ஓயாத உழைப்பு மனிதனின் இயல்பாக இருந்திருந்தால் இத்தனை ஏற்பாடுகள் தேவைப்பட்டிருக்குமா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். அது கற்பிக்கப்பட்ட பழக்கம். கற்பித்ததை மறக்கவும் முடியும்.

இலங்காஷயரின் கருணை

இந்தியாவில் ஆலை நேரத்தைக் கட்டுப்படுத்த எழுந்த முதற்சட்டம் 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பம்பாய் ஆலைகள் மலிவாகத் துணி நெய்து போட்டிக்கு வருவதைக் கண்டு அஞ்சிய இலங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தல் அதன் பின்னணியில் இருந்தது. கருணையும் கணக்கும் கலந்து பிறந்த அச்சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி என்று வரம்பு கட்டியது. பெரியவர்களைப் பற்றி அது பேசவே இல்லை.

பெரியவர்களுக்காகப் பேச ஒருவர் தேவைப்பட்டார். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே 1880களில் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று விடாது கோரினார். 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் வாரவிடுமுறைக்கு இணங்கினர். இன்று நாம் இயற்கை விதிபோல் கருதும் ஞாயிறு விடுமுறை இந்திய ஆலைகளுக்கு வந்த வரலாறு இதுதான். 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வேலையைப் பதினொரு மணியாக்கியதோடு வாரவிடுமுறைக்கும் சட்ட வடிவம் தந்தது.

பின்னர் மின்விளக்கு வந்தது. அதுவரை சூரியன் விதித்திருந்த வரம்பு அத்துடன் நீங்கியது. 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் துணிவணிகம் செழித்தபோது பம்பாய் ஆலைகள் விளக்கொளியில் நாளொன்றுக்குப் பதினான்கு மணிக்கும் மேல் ஓடின. ஒளி தந்த கருவியே ஓய்வைப் பறித்தது. கையடக்கக் கருவிகள் நம் மாலைப்பொழுதுகளைப் பறிப்பதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை எண்ணத்தக்கது. தொழிலாளர் கிளர்ச்சிகளுக்கும் விசாரணைக் குழுக்களுக்கும் பின்னர் 1911இல் வந்த சட்டம், துணியாலைகளில் வயதுவந்த ஆண்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று முதன்முறையாக வரையறுத்தது. அன்று பன்னிரண்டு மணி என்பதே சலுகை!

தூத்துக்குடியும் பெரம்பூரும்

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். கோரிக்கைகளில் கூலி உயர்வோடு வாரவிடுமுறையும் இடம்பெற்றிருந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் ஏறிவிட்ட ஒன்றைத் தூத்துக்குடியில் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. சில நாள்களில் நிர்வாகம் பணிந்தது. அரவிந்தர் தம் 'வந்தே மாதரம்' ஏட்டில் அவ்வெற்றியைப் பாராட்டி எழுதினார். அடுத்த சில நாள்களிலேயே வ.உ.சி. கைதானார். கப்பலோட்டியதற்காக மட்டும் அவரை நினைவுகூரும் நாம், உழைப்பவனுக்கு ஓய்வுநாள் கேட்டவர் என்ற முறையிலும் அவரை நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பத்தாண்டுகள் கழித்துச் சென்னையில் நிகழ்ந்தது வேறு வகை. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் இருவர் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையை நடத்திவந்தனர். சமயச் சொற்பொழிவுகள் நிகழும் இடம் அது. சொற்பொழிவு கேட்க வந்தவர்களின் களைத்த முகங்களும் குறைகளும் அந்தச் சபையை வேறொரு திசைக்குத் திருப்பின. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் தோழரான பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவரானார்.

அந்தச் சங்கம் தொடக்கத்தில் கேட்டவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குரியது: உணவு இடைவேளை. அரை மணி நேரத்துக்குள் பல்லாயிரம் பேர் வெளியே வந்து, கைகால் கழுவி, உண்டு, மீண்டும் தறிக்கு முன் நிற்க வேண்டும். அதை நீட்டித்துத் தருமாறு சங்கம் கேட்டது. நிர்வாகம் பத்து நிமிடம் கூட்டித் தந்தது. பத்து நிமிடம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தன் நாளின் ஒரு துண்டைக் கேட்டுப் பெறமுடியும் என்று பல்லாயிரம் பேர் அறிந்துகொண்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

'தேசபக்த'னிலும் பின்னர் 'நவசக்தி'யிலும் தமிழ் உரைநடைக்குப் புதிய வலிமை தந்த திரு.வி.க., தொழிலாளர் மேடைக்கும் ஒரு நல்ல தமிழை வழங்கினார். அவருடைய 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலைப் படித்தோர் அந்நாளைய கூட்டங்களின் வெம்மையை உணர்ந்திருப்பர். வெற்றிகள் மட்டுமே அங்கு நிகழவில்லை. நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் சாதிப் பிளவில் சிக்கிப் புளியந்தோப்பில் குருதி சிந்தியது. ஒன்றாக நிறுத்தத் தெரியாதவர்கள் தனித்தனியாகத் தோற்றனர் என்பதும் அவ்வாண்டின் பாடமே. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததில் சென்னை வழக்கின் பங்கு பெரிது.

1923 மே முதல் நாள் ம. சிங்காரவேலர் சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி, இந்தியாவில் முதன்முதலாக மேதினம் கொண்டாடினார். 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரத்துக்காக எழுந்த போராட்டத்தின் நினைவுநாள் அது. அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்ன் கல்தச்சர்கள் பல்கலைக்கழகக் கட்டட வேலையை நிறுத்திவிட்டு நாடாளுமன்றக் கட்டடம்வரை ஊர்வலம் சென்று, கூலி குறையாமல் எட்டு மணி நேரத்தை வென்றிருந்தனர். நாளை மூன்று எட்டுகளாகப் பகுத்து உழைப்புக்கும் உறக்கத்துக்கும் தமக்குமாக ஒதுக்கும் கருத்து ராபர்ட் ஓவனுடையது. அதன் மூன்றாம் எட்டுதான் புதுமை. உறங்காமல் எவராலும் வாழமுடியாது. உழைக்காத, உறங்காத, பிறர்க்குக் கணக்குக் கொடுக்க வேண்டாத எட்டு மணி ஏழைக்கும் உரியது என்ற எண்ணமே பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

ஒரே கோடை, இரண்டு கடற்கரைகள்

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, தன் முதலாம் உடன்படிக்கையில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வகுத்தது. ஆனால் அதிலேயே தனிவிதிகளும் இருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் அறுபது மணி, ஜப்பானுக்கு ஐம்பத்தேழு. ஆசிய உடல் அதிகம் தாங்கும் என்பது போன்றதொரு ஏற்பாடு! 1922ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அந்த அறுபதையே ஏற்றது. 1934இல் அது ஐம்பத்து நான்காகக் குறைந்தது.

இதற்கிடையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வேறொரு கதை விளைந்துகொண்டிருந்தது. 1936 மே மாதத்தில் பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. ஜூனில் லெயோன் புளூமின் அரசு நாற்பது மணி வாரத்தையும் சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையையும் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் சலுகைக் கட்டணத்தில் இரயிலேறிய பிரெஞ்சுத் தொழிலாளர் பலர் வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டனர்.

அதே கோடையில், அதே கொடியின் கீழிருந்த மற்றொரு கடற்கரையில், வ. சுப்பையாவின் தலைமையில் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் எட்டு மணி நேரத்தையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் கேட்டுப் போராடினர். சவானா, ரோடியர், கெப்ளே என்று ஊரார் அழைத்த மூன்று ஆலைகளும் கொந்தளித்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். செய்தி பாரிசை எட்டியது. 1937 ஏப்ரலில் வந்த ஆணை எட்டு மணி வேலைநாளையும் சங்க உரிமையையும் பிரெஞ்சிந்தியாவுக்கு வழங்கியது. ஆசியாவிலேயே முதன்முதலாக எட்டு மணி நேரத்தைப் பெற்ற ஊர் தங்களுடையது என்று புதுச்சேரித் தொழிலாளர் பெருமையுடன் சொல்வர். ஜூலை 30 அங்கே இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

பிரிட்டிஷ் இந்தியா மேலும் சில ஆண்டுகள் காத்திருந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த டாக்டர் அம்பேத்கரின் காலத்தில், 1946ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்தை நாற்பத்தெட்டு மணியாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தி, மிகைநேர வேலைக்கு இருமடங்குக் கூலி என்றும் விதித்தது. இந்த இருமடங்குக் கூலி வெறும் சலுகையன்று. மிகை உழைப்பை விலையுயர்ந்ததாக ஆக்கி, முதலாளியே அதை வேண்டாமென்று ஒதுக்கும்படி செய்யும் நுட்பம் அதில் உண்டு.

அதிக நேரம், அதிக வேலையா?

அதிகம் உழைத்தால் அதிகம் விளையும் என்பது நம்மிடையே ஆழ ஊன்றிய நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் கண்ணாடிக் கருவிகள் தொழிற்கூடத்தை நடத்திய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அப்பே, 1900இல் ஒன்பது மணி வேலையை எட்டாகக் குறைத்தார். பின்னர் கணக்குப் பார்த்தபோது, எட்டு மணியில் விளைந்தது ஒன்பது மணியில் விளைந்ததைவிடச் சற்று மிகுந்தே இருந்தது. நூற்பாலைத் தொழிலாளியின் மகன் அவர். பதினான்கு மணிக்கும் மேலாக நின்று உழைத்த தந்தைக்கு மதிய உணவு கொண்டுபோன சிறுவன், அறிவியலாளனாக வளர்ந்து அந்த நேரத்துக்குக் கணக்குக் கேட்டான் எனலாம்.

முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் வெடிமருந்து ஆலைகள் ஞாயிறும் இரவும் இன்றி ஓடின. 1915இல் அமைந்த உடல்நலக் குழு உற்பத்தியை அளந்து பார்த்தது. அந்தப் பழைய கணக்குகளை ஜான் பென்கவெல் என்னும் பொருளியலாளர் 2014இல் மீண்டும் ஆராய்ந்தார். வாரம் ஐம்பது மணியைத் தாண்டியபின் கூடுதல் நேரத்தின் பலன் தேய்ந்துவிடுகிறது. எழுபது மணி உழைத்தோரின் விளைச்சல் ஐம்பத்தைந்து மணியளவு உழைத்தோரினதைவிடப் பெரிதும் கூடவில்லை என்பது அவர் முடிவு. அந்தப் பதினைந்து மணி எங்கே போயிற்று? களைப்பிலும் பிழையிலும் பிழையைத் திருத்துவதிலும் கரைந்துபோயிற்று. இளைஞர்கள் வாரம் எழுபது மணி, தொண்ணூறு மணி உழைக்க வேண்டும் என்று நம் தொழிலதிபர்கள் சிலர் 2023இலும் 2025இலும் அறிவுரை கூறியபோது இந்த நூறாண்டுப் பாடம் எவர் நினைவுக்கும் வரவில்லை.

உடல் கொடுக்கும் விலையும் அளக்கப்பட்டுள்ளது. உலக நலவாழ்வு அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, 2016ஆம் ஆண்டில் மட்டும் வாரம் ஐம்பத்தைந்து மணிக்கும் மேற்பட்ட உழைப்பால் நேர்ந்த பக்கவாதத்தாலும் இதயநோயாலும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர். முப்பத்தைந்து முதல் நாற்பது மணிவரை உழைப்பவரோடு ஒப்பிட்டால், ஐம்பத்தைந்தைத் தாண்டுபவருக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம்.

விறகு சுமந்த சிறுவன்

சட்டம் மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கு விடை ஜப்பானில் இருக்கிறது.

ஜப்பானியப் பள்ளி வளாகங்கள் பலவற்றில் ஒரு சிறுவனின் சிலை நிற்கும். முதுகில் விறகுக் கட்டு; கையில் விரித்த நூல்; நடந்துகொண்டே படிக்கிறான். நினோமியா கின்ஜிரோ என்னும் அவன் பின்னாளில் பெரிய வேளாண் சீர்திருத்தக்காரராக விளங்கியவர். ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்பது அச்சிலை தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொன்ன பாடம்.

1947ஆம் ஆண்டு ஜப்பானியத் தொழிலாளர் தரச் சட்டம் எட்டு மணி வேலைநாளை வகுத்தது. ஆனால் அதன் முப்பத்தாறாம் பிரிவு, தொழிலாளர் தரப்புடன் உடன்பாடு எழுதிக்கொண்டால் மிகைநேரம் வாங்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. அந்தக் கதவின் வழியே சட்டம் முழுவதும் வெளியேறியது. கணக்கில் எழுதாத, கூலியில்லாத மிகைநேரம் பண்பாடாகவே ஆயிற்று. மேலாளர் எழும்வரை மற்றவர் எழமாட்டார். மேலாளரும் தம் மேலாளருக்காகக் காத்திருப்பார். 1969இல் செய்தித்தாள் அனுப்பும் பிரிவில் பணிபுரிந்த இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் பக்கவாதத்தால் இறந்தது, மிகை உழைப்பால் நேர்ந்த முதல் மரணமாகப் பின்னர் ஏற்கப்பட்டது. 'கரோஷி', அதாவது மிகை உழைப்புச் சாவு, என்ற சொல்லே அம்மொழியில் பிறந்தது. 1988இல் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து தொலைபேசி உதவித்தடம் ஒன்றைத் தொடங்கினர். கணவரை இழந்த மனைவியரும் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அதில் பேசினர்.

அந்தக் குடும்பங்கள்தாம் பழக்கத்தை உடைக்கத் தொடங்கின. மிகை உழைப்பால் மனமுடைந்து உயிர்நீத்த இளைஞர் ஒருவரின் வழக்கில், ஊழியரின் உடல்நலனையும் மனநலனையும் காப்பது நிறுவனத்தின் கடமை என்று ஜப்பான் உச்சநீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. 2014இல் கரோஷித் தடுப்புக்கென்றே சட்டம் வந்தது. 2018இல் நிறைவேறிய சீர்திருத்தம் மிகைநேரத்துக்கு மாதம் நாற்பத்தைந்து மணி, ஆண்டுக்கு முந்நூற்றறுபது மணி என்று பொதுவரம்பு கட்டியது. எத்தகைய நெருக்கடியிலும் ஒரு மாதத்தில் நூறு மணியை எட்டக் கூடாது என்றது. எழுபதாண்டுகளாகத் திறந்திருந்த கதவு பாதியேனும் சாத்தப்பட்டது.

இதில் நமக்குரிய பாடம் ஒன்றுண்டு. பசியால் விளையும் மிகை உழைப்பைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. பெருமையாலும் அச்சத்தாலும் வெட்கத்தாலும் விளையும் மிகை உழைப்பு சட்டத்தைத் தாண்டிச் செல்கிறது. முதலில் எழுந்து வீட்டுக்குப் போகிறவனைச் சோம்பேறி என்று எண்ணும் மனம் மாறாதவரை எட்டு மணி என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

நம் மரபும் நம் மேசையும்

நம் மரபும் உழைப்பைப் போற்றிய மரபுதான். செயலில் முனைந்தோர் பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தார் என்னும் கருத்துடைய நீதிநெறிவிளக்கப் பாடலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். வள்ளுவரும் மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஆனால் அதே பொருட்பாலில், அவற்றுக்கு முன்னரே, வலியறிதல் என்றோர் அதிகாரத்தையும் வைத்தார். மென்மையான மயிலிறகுகூட அளவு மீறினால் வண்டியச்சை முறித்துவிடும் என்ற உவமை அங்கேதான் வருகிறது. முன்னதைச் சுவரில் எழுதி வைத்தோம். பின்னதைத் தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிட்டோம். இன்றைய அலுவலக வேலைக்கு அந்த உவமை மிகவும் பொருந்தும். ஒவ்வொரு செய்தியும் இறகின் எடைதான். ஒரு நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம், முறிவது அச்சு.

வீட்டு உழைப்பையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. ஆலைக்குள் பெண்ணின் நேரத்துக்கு 1891இல் வரம்பு வந்தது. அடுக்களையில் அது இன்னும் வரவில்லை. 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். மூன்றாம் எட்டைப் பற்றிப் பேசும் ஆண், தன் வீட்டில் அந்த எட்டு யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மிகை உழைப்புப் பழக்கம் உடைந்த இடங்களிலெல்லாம் மூன்று கூறுகள் தென்படுகின்றன. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் ஒரு கோடு. 'குறைத்துக்கொள்வோம்' என்று எவரும் போராடவில்லை. 'எட்டு' என்று எண் சொல்லிப் போராடினார்கள். இரண்டாவது, சேர்ந்து நிறுத்துவது. தனியொருவன் மாலையில் எழுந்து சென்றால் அவன் சோம்பேறி. குழு முழுவதும் எழுந்து சென்றால் அது வழக்கம். பிரான்சில் 2017 முதல் நடைமுறைக்கு வந்ததும், ஆஸ்திரேலியா 2024இல் ஏற்றதுமான தொடர்பைத் துண்டிக்கும் உரிமையும் இத்தகைய கூட்டு ஏற்பாடே. வேலைநேரம் கழிந்தபின் வரும் அழைப்பை ஏற்காமலிருப்பது ஒருவரது துணிச்சலாக இல்லாமல் எல்லோரது உரிமையாகிறது. நம் அலுவலகங்களில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் கொண்ட குழு, இரவு எட்டுக்குமேல் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புவதில்லை என்று முடிவு செய்ய எவர் அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது கூறுதான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கிடைத்த நேரத்தை நிரப்ப ஏதாவது இருக்க வேண்டும். சென்னைத் தொழிலாளர் சங்கம் முளைத்தது மாலைச் சொற்பொழிவு நடந்த ஒரு சபையில். வெறும் தடையால் பழக்கம் விலகுவதில்லை. வேறொரு விருப்பம் அதன் இடத்தில் வந்து அமர வேண்டும். படிக்க எடுத்துவைத்த நூல், நடந்துபோகும் தெரு, பேச ஒரு நண்பர், விளையாட ஒரு குழந்தை ஆகியவை ஓய்வின் அலங்காரங்கள் அல்ல, ஓய்வின் காவலர்கள்.

பெற்றது தானே நிலைத்துவிடாது என்பதற்கும் சான்று அண்மையிலேயே உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில், பன்னிரண்டு மணி வேலைநாளுக்கு இடந்தரும் திருத்த மசோதா நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கடற்கரையில் முதல் மேதினம் நடத்தி அன்றோடு சரியாக நூறாண்டு.

அந்த மசோதாவை நம்மில் பலரும் கண்டித்தோம். கண்டித்துவிட்டு அன்றிரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். எவரும் சட்டம் இயற்றாமலே, எந்தச் சங்கும் ஊதாமலே பன்னிரண்டு மணி நேரத்தை நாமே நமக்கு விதித்துக்கொண்டோம். புதுச்சேரியில் பன்னிரண்டு பேர் உயிரைக் கொடுத்துப் பெற்ற மாலைப்பொழுது அது. அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை நமக்கு உண்டா?